முதலிடத்துக்குப் பிறகு: நிக்கோல் டேவிட்

(நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, கனடா என்று வேறு வேறு நேரக் கணக்கில் விழித்திருந்து கேட்கிறீர்கள். நான் கியாக்டடாவிலிருந்து பேசுகிறேன். சூலே பகோடா இங்கிருந்து நடக்கிற தூரம்தான். மின்சாரம் போனால் பேட்டரிக்கு மாறிக்கொள்வேன். இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலக்கியக் கூட்டத்தில் ஒரு விளையாட்டு வீராங்கனையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர், "ஸ்குவாஷா? அது சுவரில் பந்தடிப்பதுதானே?" என்றார். ஆமாம், அதுதான். சுவரில் பந்தடித்தே ஒன்பது ஆண்டுகள் உலகத்தின் முதலிடத்தில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அந்த ஒன்பது ஆண்டுகளைவிட, அதற்குப் பிறகு அவர் ஆடிய நான்கு ஆண்டுகளைப் பற்றிப் பேசுவதில்தான் எனக்கு ஆர்வம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன், பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஸ்குவாஷ் அரங்கம் ஒரு மூடிய அறை. நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். எங்கள் ரங்கூன் வீதி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியும். இங்கே ஒரு வீடு பன்னிரண்டரை அடி அகலத்தில் ஐம்பது அடி நீளத்துக்குப் போகும், முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். அந்த வீட்டின் பரப்பும் ஸ்குவாஷ் அரங்கத்தின் பரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த அளவு இடத்துக்குள் இரண்டு பேர் மட்டையுடன் ஓடுகிறார்கள். டென்னிஸில் நடுவில் வலை இருக்கும், எதிராளி அந்தப் பக்கம் நிற்பார். இங்கே எதிராளி உங்கள் தோளுக்குப் பக்கத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். பந்து சின்ன ரப்பர் பந்து. குளிர்ந்திருந்தால் எழும்பாது. அடித்து அடித்துச் சூடேற்றிய பிறகுதான் ஆட்டத்துக்கே வரும்.

அரங்கத்தின் தரையில் கோடுகள் சேரும் ஓர் இடம் உண்டு. ஆங்கில எழுத்து 'டி' போல இருப்பதால் அதற்கு 'டி' என்றே பெயர். ஒவ்வொரு முறை பந்தை அடித்த பிறகும் ஆட்டக்காரர் அங்கே திரும்பி வர வேண்டும். அங்கே நிற்பவருக்கு நான்கு மூலையும் எட்டும். எதிராளியை மூலைக்கு விரட்டுவதும், தான் நடுவுக்குத் திரும்புவதும்தான் மொத்த ஆட்டம். நிக்கோல் டேவிட் வேறு யாரையும்விட வேகமாக நடுவுக்குத் திரும்புவார். ஒரு பேட்டரி விளம்பரத்தில் ஓயாமல் ஓடும் முயலின் பெயரைத்தான் அவருக்குப் பட்டப்பெயராக வைத்தார்கள்.

நிக்கோல் ஆன் டேவிட் 1983 ஆகஸ்ட் 26 அன்று பினாங்கில் பிறந்தவர். தந்தை டெஸ்மண்ட் டேவிட் தமிழ் வம்சாவளி, பொறியாளர், தாமே விளையாட்டுக்காரர். தாய் ஆன் மேரி சீன வம்சாவளி, பள்ளி ஆசிரியை. மூன்று பெண்களில் நிக்கோல் கடைசி. அக்காமாரும் ஸ்குவாஷ் ஆடினார்கள். புக்கிட் டும்பாரில் உள்ள ஸ்குவாஷ் மையத்தில் ஐந்து வயதில் மட்டையைப் பிடித்த பெண் அவர். இன்று அந்த மையமே அவர் பெயரில் இருக்கிறது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். "நம்ம தமிழ்ப் பெண்" என்று நாம் உடனே கையைத் தூக்கிவிடுவோம். வெளிநாட்டில் வாழும் நமக்கு அந்த ஆசை கொஞ்சம் அதிகம். என் சொந்த ஊரிலும் அப்படித்தான். பர்மாவில் பிறந்த தமிழர் யாராவது எங்காவது பெயர் வாங்கினால், அவருடைய பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார் என்று கணக்கெடுக்கத் தொடங்கிவிடுவோம். ஆனால் நிக்கோல் மலேசியக்காரர். சீனக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டுப் பிள்ளை. அவரை ஒரு பாதியாக வெட்டி நம் பக்கம் இழுத்துக்கொள்வது நியாயமாக எனக்குப் படவில்லை. பினாங்கும் ரங்கூனும் ஒரே கடலில் கப்பல் ஓடிய இரண்டு துறைமுகங்கள். இரண்டிலும் செட்டியாரும் மூட்டை தூக்கியவரும் வந்து இறங்கினார்கள், சீனரும் வந்து இறங்கினார்கள். அந்தக் கலவையில்தான் இப்படி ஒரு பிள்ளை பிறக்க முடியும். பெருமைப்படுவதானால் அந்தக் கலவைக்காகப் பெருமைப்படுவோம்.

அவருடைய ஏறுமுகத்தை வேகமாகச் சொல்கிறேன். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம், அப்போது வயது 15. 1999இல் உலக ஜூனியர் பட்டம், 2001இல் மறுபடியும் அதே பட்டம். அதை இரண்டு முறை வென்ற முதல் பெண் அவர்தான். 2000இல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். எல்லாம் நேர்கோட்டில் போவது போல இருக்கிறது, இல்லையா? 2002இல் பூசானில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதியில் ஹாங்காங்கின் ரெபெக்கா சியூவிடம் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகு சில மாதங்கள் மட்டையைத் தொடவே இல்லை. பிறகு 2003இல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனார். அங்கே ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லிஸ் இர்விங் பயிற்சியாளர். லிஸ் ஒரு காலத்தில் உலகின் இரண்டாம் இடத்தில் இருந்தவர்.

இருபது வயதுகூட நிறையாத பெண்ணை, குளிர்தேசத்துக்கு, தனியாக, பந்தடிக்க அனுப்புவது. நம் வீடுகளில் இது எவ்வளவு பெரிய முடிவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நர்ஸ் வேலைக்கு என்றால் அனுப்புவார்கள். எனக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளில் மகளை அந்த வயதில் கப்பலேற்றி, விமானமேற்றி அனுப்பியிருக்கிறார்கள். மாதாமாதம் பணம் வரும் என்ற கணக்கு அங்கே இருக்கும். விளையாட்டுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

சங்க அகப்பாடல்களை வாசித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அந்தப் பாடல்களில் பெண்பிள்ளைகள் நிறைய விளையாடுகிறார்கள். பந்து, கழங்கு, ஊசல், கடற்கரையில் மணல்வீடு. பிறகு ஒரு பருவம் வந்ததும் இற்செறிப்பு. வீட்டுக்குள் வைத்துக் காவல். மகள் காதலனோடு போய்விட்டால், அவள் விட்டுப்போன பந்தையும் பாவையையும் பார்த்துத் தாய் அழுகிறாள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த கதை என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பந்து கையிலிருந்து வாங்கிவைக்கப்பட்ட பெண்கள் இந்த நேரலையில் நிச்சயம் இருக்கிறீர்கள். "போதும்மா, இனி படிப்பைப் பார்" என்று யாரோ அன்பாகத்தான் சொல்லியிருப்பார்கள். பினாங்கில் அந்த வீட்டில் மூன்று பெண்களிடமிருந்தும் பந்தை யாரும் வாங்கிவைக்கவில்லை. பெற்றோர் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆம்ஸ்டர்டாமுக்குப் பிறகு நடந்தது வரலாறு. 2005இல் ஹாங்காங்கில் முதல் உலகப் பட்டம். 2006இல் பெல்ஃபாஸ்டில் இரண்டாவது. 2006இலிருந்து 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் உலகத்தில் முதலிடம். மொத்தம் எட்டு உலகப் பட்டங்கள், ஐந்து பிரிட்டிஷ் ஓப்பன், தொழில்முறைச் சுற்றில் 81 பட்டங்கள். காமன்வெல்த் விளையாட்டில் 2010 டெல்லியிலும் 2014 கிளாஸ்கோவிலும் தங்கம். இந்தப் பட்டியலை இத்தோடு நிறுத்துகிறேன்.

நர்ஸாக நான் இந்த 108 மாதங்களைப் பார்க்கிற விதம் வேறு. வார்டில் ஒருவரின் நாடியைப் பார்க்கும்போது, ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருந்தால் சரி என்று எழுதுவோம். நீண்டகாலம் பயிற்சி செய்த விளையாட்டுக்காரருக்கு அது நாற்பதுகளில்கூட இருக்கும். பழக்கமில்லாத நர்ஸ் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிடுவாள். அந்த இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தை அனுப்பப் பழகிவிட்டது, அதனால் மெதுவாகத் துடித்தாலே போதும். அது ஒரே நாளில் வருவதில்லை, பல ஆண்டுகள் ஆகும். ஆனால் பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கிவிடும். உடம்பு எதையும் சேமிப்புக் கணக்கில் போட்டு வைப்பதில்லை. ஒன்பது ஆண்டுகள் முதலிடத்தில் இருப்பது என்றால், ஒன்பது ஆண்டுகள் தினமும் முதலிலிருந்து சம்பாதிப்பது.

இப்போது 2014க்கு வருகிறேன். அந்த ஆண்டு மார்ச்சில் உலகப் போட்டி பினாங்கிலேயே நடந்தது. சொந்த ஊர், சொந்த சனம். அரையிறுதியில் 18 வயது எகிப்தியப் பெண் நூர் எல் ஷெர்பினியிடம் நிக்கோல் தோற்றார். அதே ஆண்டு டிசம்பரில் அடுத்த உலகப் போட்டி கெய்ரோவில். இறுதியில் எதிராளி ரனீம் எல் வெலிலி. இப்போது சொந்த நாடு அவருக்கு. இரண்டுக்கு ஒன்று என்று ரனீம் முன்னிலை. நான்காவது ஆட்டத்தில் 10-6. பதினொன்றில் முடியும் ஆட்டம், ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ரனீம் உலகச் சாம்பியன். நான்கு வாய்ப்புகள். நான்கையும் நிக்கோல் தடுத்து, அந்த ஆட்டத்தையும் வென்று, ஐந்தாவதையும் வென்றார். அதுதான் எட்டாவது உலகப் பட்டம். அதுவே கடைசியும்கூட.

மறு ஆண்டு செப்டம்பரில் முதலிடம் போனது. வாங்கிக்கொண்டவர் அதே ரனீம்.

அதே பருவத்தில் ஒரு விதியும் மாறியது. ஸ்குவாஷ் முன்சுவரின் அடியில் தகடு ஒன்று இருக்கும், 'டின்' என்பார்கள். பந்து அதில் பட்டால் புள்ளி போச்சு. பெண்கள் ஆட்டத்தில் அதன் உயரம் 19 அங்குலமாக இருந்தது. 2015இல் 17 அங்குலமாக இறக்கினார்கள். இரண்டே அங்குலம். ஆனால் அந்த இரண்டு அங்குலத்துக்குள் பந்தை மெல்லத் தட்டி முன்சுவரின் அடியிலேயே சாகவைக்க முடியும். பின்மூலைக்கு நீளமாக அடித்து, ஓடி ஓடி, எதிராளியைக் களைக்க வைக்கும் ஆட்டத்துக்கு மதிப்பு குறைந்தது. தட்டி முடிக்கிற கை உள்ளவர்களுக்கு, குறிப்பாக எகிப்தியப் பெண்களுக்கு, மதிப்பு ஏறியது. முதலிடம் போனதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வயது 32, எதிரில் நின்றவர்கள் இருபதுகளில் இருந்தார்கள். ஆனால் நம்மில் பலருக்கு இது தெரிந்த அனுபவம்தான். ஒரு வேலையை இருபது வருடம் கற்றுத் தேர்ந்திருப்போம். ஒருநாள் காலையில் போனால் அந்த வேலைக்கு அளவுகோல் மாறியிருக்கும்.

இனிதான் நான் பேச வந்த பகுதி. அவர் அன்றே நிறுத்தியிருக்கலாம். எட்டு உலகப் பட்டங்களோடு, யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. ரனீம் அப்படித்தான் செய்தார். 2020இல், 31 வயதில், முதலிடத்தில் இருக்கும்போதே ஓய்வு அறிவித்தார். அதுவும் அழகான விடைபெறல். நிக்கோல் வேறு வழியைத் தேர்ந்தார். 2015இலிருந்து 2019 வரை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆடினார். தரவரிசையில் படிப்படியாக இறங்கினார், முதல் பத்துக்கும் வெளியே போனார். முன்பு எளிதாக வென்றவர்களிடம் தோற்றார். 2018இல் சென்னையின் ஜோஷ்னா சின்னப்பா அவரை வென்றார். அந்த ஆண்டு ஆசிய விளையாட்டின் அணிப் போட்டி அரையிறுதியில் மறுபடியும் ஜோஷ்னாவே மூன்றுக்கு இரண்டு என்று வென்றார்.

இப்படித் தோற்றுக்கொண்டு ஏன் ஆட வேண்டும் என்று கேட்கலாம். பெரிய பெயர் கெட்டுப்போகாதா?

என் வார்டில் இருந்த ஒரு பர்மியப் பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். இளமையில் சின்லோன் ஆடியவர். சின்லோன் எங்கள் தெருக்களில் மாலையில் பையன்கள் ஆடுவது. ஆறு பேர் வட்டமாக நின்று பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் காலால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். எதிரணி கிடையாது. அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கால் விழுந்துவிட்டது. தினமும் கட்டிலில் உட்கார வைத்துப் பாதத்தை உயர்த்தச் சொல்வோம். முதல் வாரம் விரல்கூட அசையவில்லை. ஒருநாள் பெருவிரல் லேசாக எழும்பியது. "உலே, இன்றைக்கு இது போதும்" என்றேன். "இல்லை சயாமா, இன்னும் ஒரு தடவை" என்றார். முன்பு தலைக்கு மேல் பந்தைத் தூக்கிய கால் அது. அதே காலில் ஒரு விரலை உயர்த்த அவருக்கு வெட்கம் இல்லை. பழைய காலோடு அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, நேற்றைய காலோடு மட்டும் ஒப்பிட்டார். ஒப்பிட்டு அழுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பயிற்சியை விட்டுவிடுவார்கள்.

நிக்கோலின் கடைசி ஆண்டுகளை நினைக்கும்போது எனக்கு இந்த மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். உச்சியில் இருந்தவர் கீழே நின்றும் அதே வேலையை அதே ஒழுங்கோடு செய்ய முடியுமா என்பது பெரிய கேள்வி. நம் கதைகள் பெரும்பாலும் ஏறுவதைச் சொல்லும், அல்லது விழுவதைச் சொல்லும். இறங்குவதைச் சொல்லும் கதைகள் குறைவு. எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் விழப்போவதில்லை, இறங்கப்போகிறோம். கண், முழங்கால், ஞாபகம், பதவி, சம்பளம் என்று ஒவ்வொரு படியாக.

அந்த இறக்கத்தின் நடுவில் ஒரு நாள் வந்தது. 2018 ஆகஸ்ட் 26, ஜகார்த்தா. நிக்கோலுக்கு அன்று 35ஆவது பிறந்தநாள். ஆசிய விளையாட்டு தனிநபர் இறுதி. எதிராளி அதே மலேசியாவின் சிவசங்கரி சுப்பிரமணியம், கெடாவைச் சேர்ந்தவர், வயது 19. ஐந்து ஆட்டம் வரை போனது. ஒரு கட்டத்தில் சிவசங்கரி இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தார். கடைசியில் நிக்கோல் வென்றார். ஆசிய விளையாட்டில் அவருக்கு ஐந்தாவது தனிநபர் தங்கம், முதல் தங்கம் வாங்கி இருபது ஆண்டு கழித்து. 2015இலேயே நிறுத்தியிருந்தால் இந்த நாள் இல்லை. அவருக்கு மட்டுமல்ல, அந்த 19 வயதுப் பெண்ணுக்கும் இல்லை.

2019 பிப்ரவரியில் அந்தப் பருவத்தோடு முடித்துக்கொள்வதாக அறிவித்தார். மே மாதம் ஹல் நகரில் பிரிட்டிஷ் ஓப்பனில் எகிப்தின் நூரான் கோஹரிடம் தோற்று வெளியே வந்தார். பட்டத்தோடு முடியவில்லை. தோல்வியோடு, நிமிர்ந்து முடிந்தது.

ஒரு குறை மட்டும் நிரந்தரமாக நின்றுவிட்டது. ஒலிம்பிக். 2012, 2016, 2020 என்று மூன்று ஒலிம்பிக்குகளுக்கு ஸ்குவாஷ் விண்ணப்பித்தது, மூன்று முறையும் கிடைக்கவில்லை. தன் உலகப் பட்டங்களை எல்லாம் ஓர் ஒலிம்பிக் தங்கத்துக்கு ஈடாகத் தரத் தயார் என்று நிக்கோல் சொல்லிவந்தார். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் போட்டியில் ஸ்குவாஷைச் சேர்த்தது. அவர் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. வாக்களிக்கப்பட்ட தேசத்தை மலைமேலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போகாமல் நின்ற மோசேயின் கதை எங்கள் ஞாயிறு பள்ளியில் சொல்வார்கள். சிறுவயதில் அது எனக்கு அநியாயமாகவே தோன்றியது. இப்போது, வயதான நர்ஸ்கள் எங்களைப் பழக்கிவிட்டு ஓய்வு பெற்றுப் போவதைப் பார்த்த பிறகு, கொஞ்சம் வேறு மாதிரித் தோன்றுகிறது. ஒருவர் நடந்த தூரம், அடுத்தவர் நடக்கத் தொடங்கும் இடம்.

ஓய்வுக்குப் பிறகு நிக்கோல் தன் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்குவாஷும் ஆங்கிலமும் கற்றுக்கொடுக்கிறார். 2021இல் உலக விளையாட்டுகளின் அமைப்பு நடத்திய வாக்கெடுப்பில், அந்தப் போட்டிகளின் எக்காலத்துக்கும் சிறந்த வீரராக அவரைத் தேர்ந்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள்.

முடிக்கும் முன் இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர், கெய்ரோவில் நான்கு வாய்ப்புகளைக் கைவிட்ட ரனீம். 2017இல் அவரும் உலகச் சாம்பியன் ஆனார். இன்னொருவர் சிவசங்கரி. 2022 ஜூனில் சாலை விபத்தில் சிக்கினார். மண்டையோட்டிலும் முகத்திலும் எலும்பு முறிவு, கழுத்தின் முதல் எலும்பிலும் முறிவு. கழுத்தின் முதல் எலும்பு முறிந்தவரைப் புரட்டிப் படுக்கவைக்க நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவோம். ஒருவர் தலையை மட்டும் பிடித்திருப்பார், அசையவே கூடாது. அந்த இடத்திலிருந்து எழுந்து, அடுத்த ஆண்டே, 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். 2018இல் நிக்கோலிடம் அவர் தவறவிட்ட அதே தனிநபர் தங்கம்.

பெரியவர்கள் இறங்கி வருவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். நாம் ஜெயித்த கதைகளை அவர்களுக்கு நிறையச் சொல்லிவிட்டோம். தோற்ற மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போனதையும் அவர்கள் பார்க்கட்டும். உங்கள் வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை கையில் ஒரு பந்து இருந்தால், தயவுசெய்து அதை வாங்கிவைக்காதீர்கள்.

 மின்சாரமும் போகவில்லை. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.